எல்லைக் கடற்கரையில் ஒரு பந்தாட்டம்

தென் கொரியாவில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள் வாய்மூடி உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிப்பாட்டு உண்டு. அவர் மட்டையுடன் வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து பாடும். ஆட்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1982-ல் ஆறு அணிகளுடன் அங்கே தொழில்முறைப் போட்டி ஆரம்பமாயிற்று. கொரியர்கள் அதைத் தங்கள் திருவிழாவாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

வந்த ஆட்டம் ஊருக்கு ஏற்ப மாறுவதைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டாம். அம்பூரி, வெள்ளறடை பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பாறசாலை வழியாகப் பொழியூருக்கு ஒரு ஞாயிறு மாலை போய் வரலாம். கடலுக்குப் போகாத நாள் அது. பூசை முடிந்த ஊர், பந்துக்குத் திரும்பிவிடும்.

மணலில் பந்து உருளாது, கால் புதையும். எனவே பந்தைத் தூக்கித்தான் ஆட வேண்டும். கரமடி வலை இழுத்து முறுக்கேறிய கால்களுக்கு அது பழக்கம். மலபாரில் ஏழு பேர் ஆட்டம் அறுவடை முடிந்த வயலுக்குள் அடங்கியது போல, இங்கே ஆட்டம் கடற்கரைக்கு அடங்கியது.

சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்கள் பலரைக் கொடுத்த ஊர் பொழியூர். 2018-ல் கொல்கத்தாவில் வங்காளத்தைக் கேரளம் பெனால்டியில் வென்றபோது கோல் போட்டவர்களில் சீசன் இவ்வூர்க்காரர். எல்லைக்கு அப்பால், சற்றுத் தொலைவில், இரவிபுத்தன்துறை. அது மைக்கேல் சூசைராஜின் ஊர். 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கொல்கத்தா அணியில் ஆடியவர். 1956-ல் கோடு போட்டு ஒரு கரையைக் கேரளத்துக்கும் மறு கரையைச் சென்னை ராஜ்யத்துக்கும் பிரித்தார்கள். பந்துக்கு அந்தக் கோடு தெரியாது.

பையன்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கல்ல. ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப முடியாது. 2017 ஒக்கிப் புயலில் திரும்பாமலே போனவர்கள் இக்கரையிலும் உண்டு, அக்கரையிலும் உண்டு. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சர்க்கார் வேலை கிடைக்கும். தாய்மார் வேண்டுவதும் அதைத்தான்.

ஆனால் இன்று ஆடுகளத்துக்கே ஆபத்து. பொழியூரில் கடலரிப்பு வீடுகளையும் சாலையையும் தின்று வருகிறது. அடுத்த ஊரான நீரோடியில் தமிழகம் போட்ட தூண்டில் வளைவுகளே காரணம் என்று ஊரார் குறைபடுகிறார்கள். இரு சர்க்கார்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. அதுவரை, மிச்சமிருக்கும் மணலில் இரண்டு கம்பு நட்டு ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.