சுருள்பாசித் தொட்டி: வயலிலா, கொல்லையிலா?



சுருள்பாசி வளர்க்கக் கடன் எடுக்கலாமா என்று குழுக்களில் பேச்சு நடக்கிறது. "நெல்லுல என்னத்தக் கண்டோம், வயலை நிரவித் தொட்டி கட்டிடலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், இந்தப் பாசி எப்படி வாழ்கிறது, மண்ணை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வோம்.

பாசிக்கு என்ன சாப்பாடு?

சுருள்பாசி (ஸ்பைருலினா) மிகச் சிறிய நுண்ணுயிர். உருப்பெருக்கியில் பார்த்தால் சுருள் கம்பி மாதிரி தெரியும். செடியைப் போலவே வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரிக்கும். வேர் கிடையாது, அதனால் மண் தேவையில்லை. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பகுதியில் கனெம்பு இனப் பெண்கள் உவர்த் தண்ணீர்க் குட்டைகளில் இதை அள்ளி, மணலில் காயவைத்து, குழம்பில் சேர்க்கிறார்கள். பயிர் விளையாத உவர்த் தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். அதனால்தான் தொட்டியில் சோடா உப்பு கரைக்கிறோம். சோடா இதற்குக் கரிச்சத்து தருகிறது. வேறு பாசிகள் பெருகாமலும் தடுக்கிறது. அசோலாவில் இருக்கும் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். சுருள்பாசிக்கு அது முடியாது. நாம்தான் கொடுக்க வேண்டும்.

விடியற்காலையில் ஏன் எடுக்கணும்?

பகல் வெயிலில் பாசி மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். ராத்திரி அதையே செலவழித்து உயிர் வாழும். பகலில் சம்பாதித்ததை ராத்திரி உலை வைப்பது போலத்தான்! விடியும்போது மாவுச்சத்து குறைந்து, புரதத்தின் பங்கு கூடியிருக்கும். அதனால் காலையிலேயே துணியில் வடிகட்ட வேண்டும். பகலில் சில தடவை கலக்கிவிடணும். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. சுமார் 35 டிகிரி சூட்டில் நன்றாக வளரும். 40ஐத் தாண்டினால் கெட்டுவிடும். சித்திரை வெயிலுக்கு நிழல்வலை அவசியம்.

கணக்கு என்ன சொல்லுது?

நன்றாக நடந்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம் காய்ந்த பாசி கிடைக்கும். 10 அடிக்கு 5 அடி தொட்டி என்றால் சுமார் 25 முதல் 45 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோ அளவுதான். மழை, மூட்டம் என்றால் அதுவும் குறையும்.

காய்ந்த பாசியில் சுமார் 60 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 2 கிராம் புரதம்தான். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. குளத்துப் பச்சைப் பாசியை அள்ளிச் சாப்பிடவும் கூடாது. அதில் விஷப் பாசி கலந்திருக்கலாம்.

வயலில் ஏன் வேண்டாம்?

தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 8 கிராம் சோடா போட்டாலே, 900 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ ஆகிறது. அந்தக் கழிவுத் தண்ணீர் வயலில் பாய்ந்தால் மண் இறுகிக் களர் நிலமாகிவிடும். மேல்மண் ஒரு அங்குலம் சேர நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். கான்கிரீட் போட ஒரு நாள் போதும். வயல் போனால் நடவு, களையெடுப்புக் கூலியும் போகும், மாட்டுக்கு வைக்கோலும் போகும்.

மண்ணே தேவைப்படாத பயிருக்கு நல்ல மண்ணை ஏன் கொடுக்கணும்? வீட்டுக் கொல்லை, மொட்டை மாடி, ஒன்றும் விளையாத தரிசு போதும். வடிகட்டிய தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே விடுங்க. மாற்ற வேண்டி வந்தால் கிணற்றுப் பக்கமும் வயல் பக்கமும் விடாமல், சிமெண்ட் பூசிய குழியில் வற்ற விடுங்க.

கடனுக்கு முன் குழுவில் கேளுங்க

விளைந்ததை யார் வாங்குவார்? "நாங்களே வாங்கிக்கிறோம்" என்று சொல்பவர் விலையை எழுத்தில் தருவாரா? உணவுப் பாதுகாப்புப் பதிவு யார் பெயரில்? நல்ல தண்ணீர் கோடையிலும் கிடைக்குமா? பதில் தெரிந்த பிறகு முதலில் ஒரே ஒரு தொட்டி போட்டு, ஒரு வருஷம் வரவு செலவு எழுதிப் பாருங்க. அந்த நோட்டு லாபம் காட்டினால் அடுத்த தொட்டிக்குத் தீர்மானம் போடலாம். வயல் வயலாகவே இருக்கட்டும்.