பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ரா... ஏன் இந்த அவசரம்?

ரம்ஜான் என்றதும் பலருக்கும் பிரியாணிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த பிரியாணிக்கு முன்பாகவே வீடுதோறும் முடித்தாக வேண்டிய கடமை ஒன்று இருக்கு. அதுதான் ஃபித்ரா.

ரமலான் மாதத்தின் 29 அல்லது 30 நோன்புகள் முடிந்து ஷவ்வால் பிறை தெரிந்துவிட்டால், மறுநாள் ஈதுல் ஃபித்ர், அதாவது நோன்புப் பெருநாள். அன்று நோன்பு வைக்கவே கூடாது. பசித்திருக்கத் தடை உள்ள நாளில், ஏழை வீட்டில் மட்டும் அடுப்பு எரியலைன்னா எப்படி? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தலைக்கு ஒரு ‘ஸாஉ’. இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. தோராயமாக இரண்டரை கிலோ. நபிகள் காலத்து மதீனாவில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் கொடுத்தார்கள். நம்மூரில் அரிசி. தொட்டில் குழந்தைக்கும் சேர்த்தே கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டரை கிலோ.

பணமாகத் தரலாமா?

ஹனஃபி மத்ஹபில் தரலாம். ஷாஃபி மத்ஹபில் தானியமாகவே தர வேண்டும்.

மறந்துட்டா?

தொழுகை முடிந்த பிறகு கொடுத்தால், அது சாதாரண தர்மமாகவே சேரும் என்கிறது நபிமொழி. அதனால்தான் பலர் ஓரிரு நாள் முன்பே கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிக்கொண்டவரும் பெருநாள் காலையில் உலை வைக்க வேண்டுமே!