உளுந்தஞ்சோறு: குடியானவர் இல்லத்திற்கேற்ற எளிய புஷ்டி ஆகாரம்

காவேரிப் பாசனப் பிரதேசமாகிய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில், சம்பா அல்லது தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்கள் இருக்கையில், வயலில் ஈரம் காயுமுன்னரே உளுந்தையும் பச்சைப் பயற்றையும் நெற்பயிரினூடே தெளித்து விடுவது நெடுங்கால வழக்கமாகும். நெல் அறுபட்ட பின்னர் மண்ணில் எஞ்சியுள்ள ஈரத்தையும் இரவில் இறங்கும் பனியையும் கொண்டே இப்பயிர் வளர்ந்து, ஏறக்குறைய 70 முதல் 75 நாட்களில் முற்றி விடுகின்றது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேகரித்துக் கொடுப்பதால், பின்வரும் பயிருக்கும் நன்மை உண்டாகின்றது. இவ்வாறு ஒரே வயல் தை மாதத்தில் நெல்லையும் பங்குனியில் உளுந்தையும் நமக்கு அளிக்கின்றது.

வயலில் ஒன்றன்பின் ஒன்றாக விளையும் இவ்விரண்டும், அவ்வயலுக்குரியவரின் இலையில் ஒன்றாகச் சேருகின்றனவா என்பது விசாரிக்கத்தக்க விஷயம். அநேக கிராமங்களில் உளுந்து களத்தைவிட்டு நேரே வியாபாரியின் சாக்கிற்குப் போய்விடுகின்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் அப்பொழுது விலையும் சரிந்திருக்கின்றது. சில மாதங்கள் சென்றபின் அதே குடும்பத்தார் இட்டிலிக்கும் வடைக்கும் தோல் நீக்கிய வெள்ளை உளுந்தைக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். நம் நாட்டு உளுந்து போதாமல் பர்மாவிலிருந்தும் தருவிக்கப்படுகின்றது. விளைவித்தவரே அதை வாங்கியுண்ணும் இந்த நிலையை மாற்றுவதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் வழிவழியாகச் சமைத்து வரும் உளுந்தஞ்சோற்றை வாரத்தில் இரண்டு நாட்களேனும் ஆக்கியுண்பதும், அதற்கு வேண்டிய உளுந்தை அறுவடையன்றே வீட்டுக்கென்று எடுத்து வைப்பதுமே அவ்வுபாயம்.

அரிசிக்குத் துணை ஏன் வேண்டும்?

அரிசி உழைப்பிற்கு வேண்டிய வலுவைத் தருவது. ஆயினும், தசையையும் இரத்தத்தையும் வளர்க்கும் புரதம் அதில் 100 பங்கிற்கு ஏறக்குறைய 7 பங்கே உள்ளது. உளுந்திலோ ஏறக்குறைய 23 பங்கு உள்ளது. அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவன. புரதம் பல கூறுகளால் ஆனது. அவற்றுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பயறு வகைகளில் மிகுதி. மெத்தியோனின் என்பது பயற்றில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு. ஆகையால் இரண்டையும் சேர்த்து உண்ணும்பொழுது, தனித்தனியே உண்பதைவிட அதிகமான பயன் தேகத்திற்குக் கிட்டுகின்றது.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். வெறும் அரிசி 600 கிராம் சமைத்தால் அதில் 42 கிராம் புரதம் இருக்கும். அரிசியை 400 கிராமாகக் குறைத்து, 200 கிராம் உளுந்து சேர்த்தால் 74 கிராம் கிடைக்கும். அதாவது அடுப்பில் ஏற்றும் தானியத்தின் எடை மாறாமலே, புரதம் ஒன்றே முக்கால் மடங்காகின்றது.

வெறுஞ்சோற்றை நம்பியதன் தீங்கை நம் நாடு முன்னரே கண்டுள்ளது. மிகத் தீட்டிய அரிசியையே பிரதானமாக உண்டவர்களைப் பீடித்த பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்காக, 1918-ம் வருஷத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் டாக்டரின் தலைமையில் ஆராய்ச்சி துவக்கப்பட்டது. அதுவே பின்னர் வளர்ந்து, ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட ஆராய்ச்சி நிலையமாயிற்று. அந்நோய்க்குக் காரணம் தயமின் என்னும் வைட்டமின் குறைவாகும். இச்சத்து அரிசியைத் தீட்டும்பொழுது தவிட்டோடு போகின்றது. சோற்றை வடிக்கும்பொழுது கஞ்சியோடும் போகின்றது. புழுங்கல் அரிசியில் இது ஓரளவு நிலைத்து நிற்கும். பயறு வகைகளிலும் இஃது உண்டு. உளுந்தஞ்சோறு கஞ்சி வடியாமல் பொங்கி இறக்கப்படுவதாதலால், உள்ள சத்து பானையிலேயே தங்குகின்றது.

வேண்டிய பொருள்கள்

ஐந்து பேருக்குப் பின்வரும் அளவு போதுமானது:

அரிசி – 400 கிராம்
தொலியுடன் உடைத்த கறுப்பு உளுந்து – 200 கிராம்
பூண்டு – 20 பற்கள்
வெந்தயம் – ஒரு சிறு கரண்டி
சீரகம் – ஒரு சிறு கரண்டி
துருவிய தேங்காய் – ஒரு மூடி
உப்பு – தேவைக்கேற்ப
நல்லெண்ணெய் – இரண்டு கரண்டி

நிறுக்கும் வசதியில்லாதவர்கள் எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும், அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று கொள்ளலாம். பழக்கமில்லாதவர்கள் முதலில் மூன்றுக்கு ஒன்றாகத் துவங்கிப் பின்னர் கூட்டிக் கொள்வது நலம்.

செய்முறை

உளுந்தை வெறும் வாணலியில் இளந்தீயில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். கருகவிட்டால் சோறு கசக்கும். புழுங்கல் அரிசியாயின் களைந்து அரைமணி நேரம் ஊற வைக்க வேண்டும்; பச்சரிசிக்கு அது தேவையில்லை. வறுத்த உளுந்தை ஒருமுறை கழுவிக்கொண்டால் போதும். பலமுறை தேய்த்துக் கழுவித் தொலியைப் போக்கிவிடலாகாது. நார்ச்சத்து தொலியிலேதான் மிகுதி. இச்சோற்றுக்குரிய மணமும் அதனாலேயே உண்டாகின்றது.

அரிசி, உளுந்து இரண்டையும் சேர்த்து மூன்று பங்கு என்றால், ஏழு முதல் எட்டுப் பங்கு தண்ணீர் விடவேண்டும். புதிய அரிசிக்கு ஏழு போதும். பழைய அரிசிக்கு எட்டு வேண்டும். தண்ணீர் கொதி வந்ததும் உளுந்து, அரிசி, உரித்த பூண்டு, வெந்தயம், சீரகம் ஆகியவற்றை இட்டு, மீண்டும் கொதித்தபின் தீயைத் தணித்து மூடி வைக்க வேண்டும். முக்கால் பாகம் வெந்தவுடன் உப்பையும் தேங்காய்த் துருவலையும் சேர்த்துக் கிளறி, தண்ணீர் வற்றிக் குழைவாக வரும்பொழுது நல்லெண்ணெய் விட்டு இறக்கி, கால்மணி நேரம் மூடியபடியே புழுங்க விடவேண்டும். பிரஷர் குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாக இட்டு, மூன்று அல்லது நான்கு விசிலில் இறக்கி விடலாம். அறுவடைக் காலத்தில் வீட்டுப் பெண்டிருக்கு ஓய்வில்லாத நாட்களிலும் இதனைத் தனியே பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

உளுந்து சிலருக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். பூண்டையும் வெந்தயத்தையும் சீரகத்தையும் நம் முன்னோர் இதில் சேர்த்தது ருசிக்காக மட்டுமன்று. ஆகையால் அவற்றைக் குறைக்கலாகாது. சிறு குழந்தைகளுக்குக் குழைய மசித்து நெய் விட்டுக் கொடுக்கலாம்.

துணைக்கு எள்ளுத் துவையல்

இச்சோற்றுக்குப் பொருத்தமான தொடுகறி எள்ளுத் துவையலாகும். ஒரு பிடி எள்ளைக் கல் போக அரித்துக் காயவைத்து, வெடிக்கும்வரை வறுத்து, வறுத்த மிளகாய் வற்றல் நான்கு, நெல்லிக்காயளவு புளி, சிறிது தேங்காய், உப்பு ஆகியவற்றுடன் கெட்டியாக அரைத்தால் போதும். பயற்றில் குறைவாயுள்ள மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு என்பது கவனிக்கத்தக்கது. மீன் உண்பவர்கள் கருவாட்டுக் குழம்புடன் உண்பதும் வழக்கம்.

உண்ணும்பொழுது எலுமிச்சை ஊறுகாயையோ நெல்லிக்காயையோ சேர்த்துக்கொண்டால், உளுந்திலுள்ள இரும்புச்சத்து தேகத்தில் நன்றாகச் சேரும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ பருகுவது அதைத் தடுக்கும். ஆதலால் ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகுவது நன்று.

கடைசியில் உண்பவருக்கும் சம பங்கு

இச்சோற்றின் முக்கியமான குணம் இனிக் கூறப்போவது. நம் வீடுகளில் பருப்பு பெரும்பாலும் குழம்பிலும் சாம்பாரிலுமே சேருகின்றது. முதற்பந்தியில் அமரும் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும் அடியில் தங்கிய கெட்டிப் பாகம் அள்ளி வைக்கப்படும். சமைத்தவள் கடைசியாக உட்காரும்பொழுது, சோறு மிஞ்சியிருக்கும். குழம்போ தெளிவாக இருக்கும். வீட்டில் பருப்புக்குக் குறைவில்லை என்று குடும்பத் தலைவர் நினைத்திருப்பார். அந்தப் பருப்பு எவர் இலையில் விழுந்தது என்று கணக்கெடுத்தவர் இரார்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. ஓர் ஆகாரத்தால் மட்டும் இது தீர்ந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. நோய் கண்டவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று சிகிச்சை பெறவேண்டியதே முறை. ஆயினும், பெண்கள் உண்ணும் சோற்றில் பயறு குறைவாயிருப்பதை நாம் நம் கையாலேயே திருத்தலாம். பயறும் அரிசியும் ஒரே பானையில் ஒன்றாக வெந்துவிட்டால், முதல் அகப்பைக்கும் கடைசி அகப்பைக்கும் பேதமில்லை. முதலில் உண்ட பெரியவருக்குக் கிடைத்த அதே பங்கு, கடைசியில் உண்ணும் மருமகளுக்கும், வயலில் வேலை செய்து அங்கேயே உண்ணும் ஆட்களுக்கும் கிடைக்கின்றது. தென்ஜில்லாக்களில் பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் வழக்கமும், பெண்ணின் தேகத்திற்குப் பயறு வேண்டும் என்று முன்னோர் உணர்ந்திருந்ததைக் காட்டும். சில நாள் சடங்காக நின்றுவிடும் அவ்வழக்கத்தை, வாரந்தோறும் நிகழும் வழக்கமாக்குவதே இங்குச் சொல்லவந்தது.

எவ்வளவு நிறுத்தி வைப்பது?

ஐந்து பேருள்ள குடும்பத்தில், வாரம் இருமுறை 200 கிராம் வீதம் சமைத்தால், வருஷத்துக்கு ஏறக்குறைய 21 கிலோ வேண்டும். உடைப்பதில் போகும் நொய்யையும் சேர்த்து 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2025–26-ம் வருஷத்திற்கு மத்திய சர்க்கார் உளுந்துக்குக் குறித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அவ்விலைப்படி 22 கிலோவின் மதிப்பு 1,716 ரூபாய். ஓர் ஏக்கரில் 200 கிலோ கண்டதாகக் கொண்டால், இஃது ஒன்பதில் ஒரு பங்காகும். ஒரு குடும்பம் முழுவதற்கும் வருஷமெல்லாம் புஷ்டி அளிக்கும் இப்பொருளுக்கு இத்தொகை அதிகமன்று.

வண்டு புகாமல் காத்தல்

பயறு வண்டு வயலிலேயே காய்களின் மீது முட்டையிட்டு, தானியத்தோடு வீட்டிற்கு வந்து சேருகின்றது. ஆகவே, பிரித்தெடுத்த உளுந்தைக் கடித்தால் படீரென்று உடையும்வரை நல்ல வெயிலில் காய வைத்து, சூடு ஆறியபின் காற்றுப் புகாத தகர டப்பாக்களிலோ பீப்பாய்களிலோ நிரப்ப வேண்டும். முழு உளுந்தாக வைப்பவர்கள், அதன் மேல் நன்கு காய்ந்த மணலை மூன்று நான்கு விரற்கடை உயரத்திற்குப் பரப்பி வைப்பது பயனுள்ள பழைய முறையாகும். உடைத்த பருப்பை வண்டு அவ்வளவாக நாடுவதில்லை. ஆதலால் இரண்டு மூன்று மாதத்திற்கு வேண்டியதைத் திருகையில் உடைத்துத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஈரக்கையால் எடுப்பதும், மழை நாளில் திறந்து வைப்பதும் கூடா.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் 2011-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கத் துவங்கியதிலிருந்து, சோறு ஏழைக்கும் எளிதாயிற்று. வயிறு நிறைவதற்கு வழி பிறந்தபின், அச்சோற்றோடு சேரும் பொருளைப்பற்றிச் சிந்திப்பது அடுத்த கடமை. கிராம சபைக் கூட்டங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இச்சமையலை ஒருமுறை செய்து காட்டி எல்லோருக்கும் பரிமாறுவது, நூறு பிரசங்கங்களைவிடப் பயன் தரும். நெல் தரிசில் பயறு தெளிப்பதைக் கைவிட்ட குடியானவர்களை மீண்டும் அதில் ஊக்குவிப்பதும் அவசியம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும், புதுக்கோட்டை ஜில்லா வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் வெளிவந்துள்ள உளுந்து ரகங்களைப்பற்றி வட்டார வேளாண்மை அலுவலர்களிடம் விசாரித்தறியலாம்.

உளுந்து விளையாத பக்கங்களில் அவ்வவ்விடத்துப் பயற்றைக் கொள்க. கொங்கு நாட்டார் துவரம் பருப்பைச் சேர்த்து ‘அரிசியும் பருப்பும்’ சமைப்பது இதே முறையைச் சார்ந்ததே. எப்பயறாயினும், களத்தில் வியாபாரியின் தராசு ஏறுமுன்னர் வீட்டுப் பங்கை முதலில் அளந்து ஒதுக்குவதும், அதனை அரிசியோடு ஒரே பானையில் இடுவதும் ஆகிய இவ்விரண்டையும் வருகின்ற பங்குனி அறுவடையிலிருந்தே மிராசுதார்களும் ஏனைய குடியானவர்களும் அனுசரித்து வருவார்களாயின், அவர்கள் குடும்பத்தில் கடைசியாக இலை போட்டுக்கொள்பவருக்கும் நன்மை உண்டாகும்.