பிடியரிசியும் கஞ்சி அண்டாவும்: அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பும் இன்சூரன்ஸும் இயங்குவது எப்படி?

நோன்பு மாதத்தில் மதியம் தாண்டினால் பள்ளிவாசலில் கஞ்சி அண்டா அடுப்பில் ஏறிவிடும். அரிசி ஒருவர் தருகிறார், இறைச்சி ஒருவர், விறகு ஒருவர். மாலையில் தூக்குவாளியோடு வரும் பிள்ளையிடம், "உங்கள் வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. நம்மூர் லப்பைக்குடிக்காட்டுக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஊர்க்காரர் வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் திருச்சியிலோ சென்னையிலோ ஒரு ஃபிளாட் வாங்கியதும், மாதம் இரண்டாயிரம் 'மெயின்டனன்ஸ்' கேட்டால் திகைத்துப் போகிறார். அண்ணன் தம்பிகள் மாடிக்கு ஒருவராகக் குடியிருக்கும் வீட்டிலும் இதே குழப்பம்தான். மொட்டை மாடி ஒழுகினால் செலவு யாருடையது? அண்டாவையே துணைக்கு வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில், எது பொது என்று தெரிய வேண்டும். கல்யாண விருந்தில் நாலைந்து பேர் ஒரே சஹனை, அதாவது ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு. தட்டு மட்டும் ஒன்று. ஃபிளாட்டும் அப்படித்தான். நான்கு சுவருக்குள் இருப்பது உங்களுடையது. நிலம், அஸ்திவாரம், தூண், மொட்டை மாடி, மாடிப்படி, சம்ப், மேல்தொட்டி, கழிவுநீர்க் குழாய், லிஃப்ட் எல்லாம் தட்டு. உங்கள் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதியிருப்பது அந்தத் தட்டில் உங்களுக்கு உள்ள பங்கைத்தான். தட்டில் விரிசல் விட்டால் "என் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. கீழ்த்தளத்துக்காரரும் மொட்டை மாடிக்குப் பணம் கொடுப்பது இதனால்தான்.

பிறகு, அண்டாவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர்தான் உரிமையாளர் சங்கம். தமிழ்நாட்டில் 1994-ல் ஒரு அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சங்கம் அமைத்து, துணைவிதிகள் எழுதி, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதோடு சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கில் பொதுப்பணம் கிடந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் சந்தேகம் முளைக்கும். நல்ல மனிதரைக் காப்பாற்றவும் தனிக் கணக்கு தேவை.

அடுத்தது பணம். இதை இரண்டு பானையாகப் பிரிக்க வேண்டும். முதல் பானை அன்றாடச் சமையல்: பொது மின்கட்டணம், துப்புரவு, வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் ரிப்பேர், தொட்டி கழுவுதல், லிஃப்டின் வருடாந்தர ஒப்பந்தம். மாதாமாதம் வரும், மாதாமாதம் தீரும்.

இரண்டாவது பானைதான் பலருக்குப் புரிவதில்லை. நம் பாட்டிமார் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பிடியரிசி. அன்றைய சோற்றில் குறைவு தெரியாது, மாதக் கடைசியில் கலயம் கைகொடுக்கும். கட்டடத்துக்கும் அப்படி ஒரு கலயம் வேண்டும். 'கார்ப்பஸ் ஃபண்ட்', 'சிங்கிங் ஃபண்ட்' என்று சொல்வதெல்லாம் இந்தக் கலயத்தைத்தான். எட்டு வீடுகள், வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் என்றால் வருடத்துக்கு 48,000. ஐந்து வருடத்தில், வட்டி சேர்க்காமலே 2,40,000. வெளிப்பூச்சு, தளத்துக்கு நீர்க்காப்பு, புது மோட்டார் என்று வரும்போது யாரிடமும் கையேந்த வேண்டாம். இந்தக் கலயத்திலிருந்து எடுத்து வாட்ச்மேன் சம்பளம் கொடுக்கக் கூடாது. எடுத்தால் அது பிடியரிசி அல்ல.

சரி, பராமரிக்காமல் விட்டால் உள்ளே என்ன நடக்கிறது? கொண்டைக்கடலையைச் சிறு டப்பாவில் அழுத்தி நிரப்பி, தண்ணீர் ஊற்றி, இறுக மூடிப் பாருங்கள். காலையில் மூடி தூக்கிக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அப்படித்தான். மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது, பூச்சின் மயிரிழை விரிசல் வழியே ஈரம் இறங்குகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாமல் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பக்கத்து அரியலூர்ச் சிமெண்டில் எவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தாலும் இதுதான் நடக்கும். கூரையிலிருந்து பெயர்ந்து விழும் ஒரு காரைத் துண்டு, உள்ளே வெகுநாளாக நடந்துகொண்டிருந்ததை நமக்குச் சொல்ல வருகிறது.

சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று, அரசு வாரியம் கட்டிய குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து விழுந்தது. சுவரில் விரிசலைக் கண்டதும் குடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் எழுப்பி வெளியேறிவிட்டார்கள். உயிரிழப்பு இல்லை. விரிசலை யாரோ ஒருவர் பார்த்தார், பார்த்ததை மற்றவர்களுக்குச் சொன்னார். பராமரிப்பின் முதல் வேலையே அதுதான்.

உங்கள் கட்டடம் புதியதா? அப்படியானால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தை நினைவில் வையுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மிக்ஸி வாங்கினால் கேரன்டி அட்டையைப் பத்திரப்படுத்துகிறோம். இங்கே ஒப்படைப்புக் கடிதம்தான் அந்த அட்டை.

இப்போது இன்சூரன்ஸ். இதுதான் பெரிய அண்டா. ஆயிரக்கணக்கான வீடுகள் ஆளுக்கொரு பிடி போடுகின்றன. அந்த வருடம் எந்த வீட்டில் தீப்பிடித்ததோ, எங்கே வெள்ளம் புகுந்ததோ, அங்கே ஒரு பெரிய அகப்பை போகிறது. மற்றவர்களின் பணம் திரும்பி வருவதில்லை. "சும்மா போச்சே" என்று தோன்றும். கஞ்சிக்குக் கொடுத்த அரிசியை யாராவது திருப்பிக் கேட்கிறோமா?

இதில் வட்டி இருக்கிறதா, கூடுமா என்ற மார்க்கக் கேள்வி நம்மூரில் எழும், எழுவது நியாயம். மலேசியாவில் 1984-லேயே 'தகாஃபுல்' என்ற கூட்டுதவி முறைக்குச் சட்டம் வந்தது. நம் நாட்டு ஏற்பாடு வேறு. அதனால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, சங்கக் கூட்டத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதிப் பேர் மனக்குறையோடு கையெழுத்துப் போடுவது நல்லதல்ல.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அடுப்பு உடைந்தால் அடுப்பைத்தான் மாற்றுகிறோம், அடுப்படி நிலத்தை வாங்குவதில்லை. அதேபோல், ஃபிளாட்டின் சந்தை விலை இங்கே கணக்கு அல்ல, மறுபடி கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. எட்டு வீடு, வீட்டுக்கு 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 1 கோடியே 44 லட்சம். படிக்கட்டு, தொட்டி, சுற்றுச்சுவர், லிஃப்ட் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று பாதித் தொகைக்கு எடுத்தால், பல பாலிசிகளில் 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கிடைக்கும். அரைப் படி அரிசி போட்டவருக்கு அரை வாளிக் கஞ்சி.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பு ஆகியவை இதில் அடங்கும். அந்தப் பாதிக்குப் பாதி வெட்டும் இதில் இல்லை. வீடு வாழ முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் இடமுண்டு. ஆகவே ஏஜென்ட் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். மொத்தக் கட்டடத்துக்கும் சங்கத்தின் பெயரில் எப்படி எழுதித் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். வாட்ச்மேன் வேலையில் அடிபட்டால் தரவேண்டிய இழப்பீடு, லிஃப்டில் வெளியாள் காயப்பட்டால் வரும் பொறுப்பு, இவை வேறு பாலிசிகள்.

எது கிடைக்காது? தேய்மானம். மெதுவாக ஒழுகிய கூரை, துருப்பிடித்த கம்பி, புதுக் கட்டடம் அமரும்போது விழும் சாதாரண விரிசல், எதற்கும் கிடையாது. பால் பொங்கி அடுப்பு அணைந்தால் அது விபத்து. மூன்று நாள் மூடாமல் வைத்துப் பால் கெட்டால் அது கவனக்குறைவு. முதலாவதற்கு இன்சூரன்ஸ், இரண்டாவதற்குப் பிடியரிசி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொன்று. துபாயிலோ குவைத்திலோ இருந்துகொண்டு வீட்டைப் பூட்டியே வைத்திருந்தால், பாலிசியில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது. தெரிவிப்பது எழுத்தில் இருக்கட்டும். சாவி ஒன்று உறவுக்காரரிடம் இருக்கட்டும். குழாய் உடைந்தால் பூட்டிய கதவு கீழ்வீட்டையும் சேர்த்து நனைக்கும்.

சேதம் வந்தால் வரிசை இதுதான். முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை வாங்குங்கள். பிறகு சர்வேயர் வருவார். அவர் கேட்பது பாலிசி, பில்கள், பராமரிப்புப் பதிவேடு. தொட்டி கழுவிய தேதி, மாடிக் குழாயைச் சுத்தம் செய்த தேதி, லிஃப்ட் சர்வீஸ் ரசீது எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தாலே போதும். நோட்டு செயலாளர் வீட்டில் இருக்கட்டும், அதன் ஒவ்வொரு பக்கத்தின் படமும் எட்டு வீட்டுக்காரர்களின் கைபேசியில் இருக்கட்டும்.