கிரண் விமானமும் பேகம்பேட்டை விபத்தும்

பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்து 1964-இல் முதன்முதலாகப் பறந்த கிரண், பயிற்சி பெறுபவரும் ஆசிரியரும் அருகருகே அமரும் ஜெட் பயிற்சி விமானமாகும். இதன் இரண்டாம் வகையைக் கொண்டே, 2003-இல் உருவான இந்தியக் கடற்படையின் ‘சாகர் பவன்’ குழு, விமானங்கள் மிக நெருங்கி அணியாகப் பறக்கும் வான்சாகசங்களை நிகழ்த்தியது.

2010 மார்ச் 3 அன்று ஐதராபாத் பேகம்பேட்டையில் நடந்த விமானக் கண்காட்சியில், மக்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, இக்குழுவின் விமானம் ஒன்று அருகிலிருந்த குடியிருப்புக் கட்டடத்தின் மீது விழுந்ததில் அதிலிருந்த கடற்படை அதிகாரிகள் இருவரும் உயிரிழந்தனர். தரையில் இருந்தவர்களில் சிலர் காயமடைந்தனர்.

தாழ்வாகப் பறக்கும் விமானம் நிலைதவறினால் அதை மீட்க உயரமும் நேரமும் போதா. 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானக் கண்காட்சியில் விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தில் விழுந்து 70 பேர் இறந்தபின், பார்வையாளர்களின் தலைக்கு மேல் சாகசம் செய்வதற்கு ஐரோப்பிய நாடுகளில் கட்டுப்பாடுகள் கடுமையாயின. நீர்வரத்து கூடும்போது குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை விதித்து மக்களைத் தள்ளி நிறுத்துவதைப் போல, ஆபத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே தூரம் விடுவதே இவ்விதிகளின் அடிப்படை. பார்வையாளர்க்குரிய அந்தப் பாதுகாப்பு, சுற்றிலும் வீடுகளில் வாழ்வோருக்கும் வேண்டும் என்பதைப் பேகம்பேட்டை விபத்து உணர்த்துகிறது.