உறை மாற்றும் கிருமியும் குழந்தைகளின் மூக்கும்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிவந்த தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “நிமோனியா ஊசி ரெண்டு தடவை போட்டாச்சே டாக்டர், அப்புறமும் ஏன் மூக்கு ஒழுகிட்டே இருக்கு?” சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்கள், இந்த ஊசி அவற்றுக்கானதல்ல என்றேன். பதில் சரியானதுதான். ஆனால், முழுமையானதல்ல. ஊசி குறிவைக்கும் கிருமியின் ஏதோவொரு வகை அந்தக் குழந்தையின் மூக்கின் பின்புறத்தில் அப்போதும் குடியிருந்திருக்கக்கூடும்.

நியூமோகாக்கஸ் என்ற அந்தப் பாக்டீரியா, பெரும்பாலான குழந்தைகளின் மூக்கில் சில வாரங்களோ மாதங்களோ தங்கி, எந்தத் தொல்லையும் தராமல் போய்விடும். சிலருக்கு மட்டும் நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் மூளையைச் சூழ்ந்த சவ்வுக்கும் சென்று உயிருக்கு உலைவைக்கும். இதன் மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு. அந்த உறையின் வேதியமைப்பைக் கொண்டு 100-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. தடுப்பூசி நம் உடலுக்கு அடையாளம் காட்டுவது இந்த உறையைத்தான். இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட திட்டத்தில் இப்போது பரவலாகப் பயன்படும் உள்நாட்டுத் தயாரிப்பு, 10 உறை வகைகளுக்கு எதிரானது. மற்ற வகைகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

உறை என்பது கிருமியின் நிரந்தர அடையாளமும் அல்ல. 1928-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரடெரிக் கிரிஃபித், உறையற்ற உயிருள்ள நியூமோகாக்கஸையும், உறையுள்ள ஆனால் சூடாக்கிக் கொல்லப்பட்ட நியூமோகாக்கஸையும் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் இறந்தன, அவற்றின் இரத்தத்தில் உறையுடன் கூடிய உயிருள்ள கிருமிகள் இருந்தன. செத்த கிருமியிடமிருந்து உயிருள்ள கிருமிக்குக் கைமாறிய பொருள் டிஎன்ஏ என்பதை 1944-ல் நியூயார்க்கில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் நிறுவினார்கள். மரபுப்பொருள் எது என்ற கேள்விக்கு மனிதகுலத்துக்கு விடை தந்தது இந்தக் கிருமிதான். பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த அந்தச் சோதனை, குழந்தைகளின் மூக்கில் இயற்கையாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகைகள் அங்கே ஒன்றாகத் தங்கும்போது, ஒன்று மற்றொன்றின் டிஎன்ஏ துண்டுகளை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

இது எவ்வளவு பெரிய அளவில் நிகழ்கிறது என்பதைத் தாய்லாந்து - மியான்மர் எல்லையிலுள்ள மேலா அகதி முகாமில் நடந்த ஆய்வு காட்டியது. தடுப்பூசி எட்டியிராத அந்த நெரிசலான முகாமில், கைக்குழந்தைகளின் மூக்கிலிருந்தும் அவர்களுடைய தாய்மார்களின் மூக்கிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் கிடைத்த 3,085 கிருமிகளின் மரபணுத்தொகை முழுமையாகப் படிக்கப்பட்டு, முடிவு 2014-ல் வெளியானது. பென்சிலின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணுக்களில் பரிமாற்றம் மிக அதிகமாக இருந்தது. டிஎன்ஏவைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் முன்னின்றவை உறையே இல்லாத வகைகள். என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். நோயை அரிதாகவே உண்டாக்குவதால் மருத்துவமனைகளில் நாங்கள் கண்டுகொள்ளாத, உறை இல்லாததால் தடுப்பூசிக்கும் அகப்படாத கிருமிகள் அவை.

அமெரிக்காவில் 2000-ல் 7 வகைகளுக்கான ஊசி வந்ததும், குழந்தைகளிடம் கடும் நோய் வெகுவாகக் குறைந்தது. பேரக்குழந்தைகளிடமிருந்து கிருமியைப் பெற்றுவந்த முதியவர்களும் பயனடைந்தார்கள். கூடவே, ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை தலைதூக்கியது. பல நாடுகளில் பரவிய ஒரு மருந்தெதிர்ப்புப் பரம்பரையின் 240 மாதிரிகளை ஆராய்ந்த 2011-ம் ஆண்டு ஆய்வு, அதில் 19ஏ உறைக்கு மாறிய கிருமிகள் ஊசி வருவதற்கு முன்பே இருந்ததைக் கண்டறிந்தது. தடுப்பூசி அவற்றை உருவாக்கவில்லை. போட்டியாளர்களை அகற்றி வழிவிட்டது, அவ்வளவே. தடுப்பூசியே புதிய கிருமிகளைப் படைக்கிறது என்று பரப்புவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2010-ல் வந்த 13 வகை ஊசியில் 19ஏ சேர்க்கப்பட்டது. நம் 10 வகை ஊசியிலும் அது உண்டு. இடம் மாறிவந்த வகைகளையும் கணக்கில் கொண்டால்கூட, லாபம் குழந்தைகள் பக்கமே.

அடுத்து இடம்பிடிக்கப்போவது எது என்பதை நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை தாமதமாகவே சொல்லும். நலமாக இருக்கும் குழந்தைகளின் மூக்கு அதை முன்கூட்டியே காட்டக்கூடும். மெல்லிய பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கச் சில நொடிகள் போதும். கரோனா காலத்தில் மரபணுத்தொகையைப் படிக்கும் கருவிகளும் அனுபவமும் நம் ஆய்வகங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாவட்டவாரியாக ஆரோக்கியமான குழந்தைகளிடம் இந்தக் கணக்கெடுப்பை நடத்துவது, தடுப்பூசித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்பதை, வேறொரு நாட்டுக் குழந்தைகளின் மூக்கை வைத்து மட்டும் நாம் முடிவுசெய்ய முடியாது.

அன்று அந்தத் தாய் புறப்படும்போது, சளிக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தரச் சொன்னார். வைரஸை அது ஒன்றும் செய்யாது. மூக்கிலிருக்கும் நியூமோகாக்கஸில் மருந்துக்கு மசியாததை மட்டும் மிச்சம் வைக்கும் என்று விளக்கினேன். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, மூன்றாவது தவணையை அன்றே போட்டு அனுப்பினேன்.