வேலைக்கேற்ற செயலி

மைசூர் நகரின் விஜயநகர்ப் பகுதியிலுள்ள பள்ளியொன்று, குறைந்த செலவில் பழைய கணிப்பொறிகள் சிலவற்றை வாங்க எண்ணுகிறது என்று வைத்துக் கொள்வோம். கடைக்காரர் முதலில் கூறுவது செயலியின் பெயரையும் அதன் வேகத்தையுமேயாகும். ஆனால், வாங்கச் செல்லுமுன் ஆசிரியர் தீர்மானிக்க வேண்டியது, அக்கணிப்பொறியில் எம்மென்பொருள்கள் இயங்க வேண்டும் என்பதாகும். இவ்வரிசை மாறினால், பணம் செலவாகியும் வேலை நடவாமற் போகக்கூடும்.

இம்முறைக்குத் தக்கதோர் உதாரணம் கர்நாடகத்திலேயே உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர் நால்வரும், ‘என்கோர்’ என்னும் மென்பொருள் நிறுவனத்தினரும் கூடி, ‘சிம்ப்யூட்டர்’ என்ற கைக்கணிப்பொறியை வகுத்து, 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அறிமுகப்படுத்தினர். எழுத்தறியாதவருக்கு அது செய்திகளைப் படித்துக் காட்ட வேண்டும். ஒரே கருவியைக் கிராமத்தார் பலர் பகிர்ந்து கொள்ள வேண்டும். சிறு மின்கலங்களால் இயங்க வேண்டும். விலையும் 9,000 ரூபாய் அளவில் அமைய வேண்டும். இவையே அவர்தம் தேவைகள்.

இவற்றிற்கென அவர்கள் தெரிந்தெடுத்தது 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய ‘ஸ்ட்ராங்ஆர்ம்’ செயலியாகும். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘பென்டியம் 4’ மேசைக் கணிப்பொறிச் செயலியின் வேகம் இதனினும் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆயின் அதன் மின்தேவை 50 வாட்டுக்கு மேற்பட்டது. ஸ்ட்ராங்ஆர்முக்கோ அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரமே போதும். பின்ன எண்களை விரைந்து கணிக்கும் தனி உறுப்பு இச்சிறு செயலியில் இல்லை. எனினும், இதற்கென ஆக்கப்பட்ட ‘த்வனி’ என்னும் மென்பொருள், முன்னரே பதிவு செய்த ஒலித்துண்டுகளை இணைத்துப் பேச்சை உண்டாக்கியமையால், அக்குறை பெரிதும் தடையாகவில்லை. சிம்ப்யூட்டரின் விற்பனை பின்னர் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. எனினும், வேலையை முதலில் வரையறுத்துப் பின்னர் செயலியைத் தேடிய முறை இன்றும் பின்பற்றத்தக்கதே.

இனி நம் பள்ளிக்குத் திரும்புவோம். விலை குறைந்த பழைய கணிப்பொறிகளுள், 2017-இல் வெளிவந்த இரு செயலிகளை ஒப்பிடலாம். ‘ஐ3-7100’ என்பது 3.9 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கருக்களும் உடையது. ‘ஐ3-8100’ என்பதன் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், கருக்கள் நான்கு. கரு என்பது செயலியினுள் தனித்துக் கணக்கிடவல்ல பகுதியாகும். வேகத்தை மட்டும் நோக்குவோர் முதலாவதையே வாங்குவர். ஆனால் ‘விண்டோஸ் 11’ ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இரண்டாவது இடம்பெற்றுள்ளது, முதலாவது இல்லை. ‘விண்டோஸ் 10’-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே, விண்டோஸிலேயே இயங்கும் மென்பொருள் தேவைப்படும் பள்ளிக்கு, சிறிது கூடுதல் விலை கொடுத்தேனும் இரண்டாவதை வாங்குதல் நன்று.

எழுதுதல், கணக்கு அட்டவணை, இணையத்தில் படித்தல் ஆகியவை மட்டுமே தேவையெனில், முன்னதையும் ஒதுக்க வேண்டுவதில்லை. லினக்ஸ் வகை இயக்க மென்பொருளை நிறுவினால் அது நன்கு பயன்படும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இவ்வகையைச் சார்ந்ததே.

பிறிதொன்றும் கவனிக்கத்தக்கது. அண்மைக்கால இன்டெல் மேசைச் செயலிகளின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்து இருப்பின், திரையில் படம் காட்டும் பகுதி அதில் இராது. அதற்கெனத் தனி அட்டை வாங்க நேரிடுமாதலால், மலிவெனத் தோன்றியது செலவு மிக்கதாகலாம். அவ்வாறே, சாதாரண வேலைகளுக்கு உயர்ந்த செயலியை வாங்கி நினைவகத்தைக் குறைப்பதினும், நடுத்தரச் செயலியுடன் 8 கிகாபைட் நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் கொள்வது சிறந்த பயனளிக்கும்.

எனவே, களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கது எளிது. தேவையான மென்பொருள்களைத் தாளில் வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றும் வேண்டும் குறைந்த அளவுச் செயலி, நினைவகம், இயக்க மென்பொருள் ஆகியவற்றை அதனருகே குறிக்க. அவற்றுள் மிகுதியானதை ஏற்று, வரும் சில ஆண்டுகளுக்கெனச் சிறிது சேர்த்துக் கொள்க. அத்தாளுடன் கடைக்குச் செல்பவர், விளம்பரத்தால் ஏமாறுதல் அரிது.